எங்கள் வீட்டு இரு காமிராக்கள்

புதிதாகக் காமிரா வாங்க விரும்பும் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் அண்மையில் எங்களிடம் யோசனை கேட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு வகைக் காமிராக்கள் இருப்பதை அவர்கள் அறிவார்கள். ஒன்று, தொலைவில் உள்ளதை அருகில் இழுத்துக் காட்டும் 'சூப்பர் ஜூம்' காமிரா. கடைக்காரர்கள் இதனைப் 'பிரிட்ஜ்' காமிரா என்றும் சொல்வார்கள். மற்றொன்று, சட்டைப் பையில் அடங்கிவிடும் 'காம்பாக்ட்' காமிரா. உருவம் சிறியதாயினும் அதனுள் இருக்கும் ஒளியுணர் தகடு பெரியது. இவ்விரண்டில் எதை வாங்கலாம் என்பதே கேள்வி. ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அந்த விடையை நாங்கள் அறிந்துகொண்டது எளிதில் அன்று. அறிந்த விதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பிறருக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாங்கள் டில்லிக்குக் குடிவந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 2016-ஆம் ஆண்டில், பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு சூப்பர் ஜூம் காமிரா ஒன்றை வாங்கினோம். எங்கள் மகனுக்குப் பறவைகள்மேல் பெரும் பித்து. அவனை அழைத்துக்கொண்டு, இராஜஸ்தானத்தில் உள்ள பரத்பூர்ச் சரணாலயத்துக்கு அவ்வாண்டு குளிர்காலத்தில் சென்றோம். ஏறத்தாழ 29 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அந்தச் சதுப்பு நிலத்தில், ஆளுயரம் நிற்கும் சாரசக் கொக்குகள் இணையாக மேய்ந்துகொண்டிருந்தன. வெறுங் கண்ணுக்கு அவை இரண்டு சாம்பல் நிறப் புள்ளிகள். ஜூம் பொத்தானை அழுத்தினோம். தலையின் செந்நிறமும் கண்ணின் வளையமும் திரையை நிரப்பின! மகன் துள்ளிக் குதித்தான் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஊர் திரும்பியதும் மொட்டை மாடியில் நிலவைப் படம் எடுத்தோம். நிலவின் பள்ளங்களைப் பார்க்க அண்டை வீட்டார் எல்லாரும் கூடிவிட்டனர். இனி நம்மால் எடுக்க முடியாத படமே இல்லை என்று நாங்கள் எண்ணியதில் வியப்பில்லை அல்லவா?

2018-ஆம் ஆண்டில் கும்பகோணத்துக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம் நடந்தது. எங்களுள் ஒருவருக்கு அவர் தந்தை, மற்றவருக்கு மாமனார். எனினும் இருவருமே அவரை 'அப்பா' என்றுதான் அழைத்து வந்தோம். விழாவுக்குப் படக்காரரை அமர்த்தலாம் என்று உறவினர் சொன்னபோது அவர் மறுத்துவிட்டாராம். "படக்காரர் எதற்கு? டில்லியிலிருந்து குழந்தைகள் பெரிய காமிரா கொண்டு வருகிறார்களே!" என்றாராம்.

விழா வீட்டுக் கூடத்தில் நடந்தது. பழைய வீடு, முற்றத்தைப் பந்தல் போட்டு மூடியிருந்தார்கள். ஹோமப் புகை வேறு. உறவினர் கூட்டம் அப்பாவையும் அம்மாவையும் சுற்றி நின்றது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே செல்வதற்கு எங்களுக்குக் கூச்சம். ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறவர்கள் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம். அதற்கென்ன, ஜூம் இருக்கிறதே! வாயிற்படியருகே நின்றபடி அப்பாவின் முகத்தை இழுத்து இழுத்து எடுத்தோம். காமிராவின் சிறு திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தன.

மறு ஆண்டு அப்பா காலமானார். பத்தாம் நாளுக்குள் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டமிட வேண்டும். விழாப் படங்களை எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் அவற்றைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"முகத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றால், இதில் முகம் வேண்டுமே ஐயா! நிறந்தானே இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஈரச் சுவரில் சாயம் பூசியதுபோல் இருந்தது. புருவம் ஒரு கறை. கன்னத்துச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. எங்களிடம் சாரசக் கொக்கின் இறகை எண்ணிவிடக்கூடிய படம் இருந்தது. நிலவின் பள்ளங்கள் இருந்தன. அப்பாவின் முகம் இல்லை. இறுதியில் அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் ஒட்டியிருந்த சிறு படத்தையே பெரிதாக்கினோம். இன்றும் ஊர்க் கூடத்தில் மாலையுடன் இருப்பது அந்தப் படந்தான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று அறிந்துகொள்ளாமல் எங்களால் இருக்க முடியவில்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு கிண்ணத்தையும் ஓர் அண்டாவையும் வைத்தால், பெய்யும் மழை ஒன்றுதான்; ஆனால் வாய் அகன்ற பாத்திரத்தில் மிகுதியான நீர் சேரும். காமிராவின் ஒளியுணர் தகடும் அவ்வாறே. சூப்பர் ஜூம் காமிராக்கள் பலவற்றில் உள்ள தகடு ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் உடையது. சிறு விரலின் நகத்தைவிடவும் சிறியது. பெரிய தகடுள்ள காம்பாக்ட் காமிராக்களில் பெரும்பாலும் 13.2 மில்லிமீட்டர் அகலமும் 8.8 மில்லிமீட்டர் உயரமும் உள்ள தகடு இருக்கும். பரப்பைக் கணக்கிட்டால் முன்னதைப்போல் 4 மடங்கு. இதை 'ஒரு அங்குலத் தகடு' என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: அதன் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை, மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டர்தான் வரும். பழைய தொலைக்காட்சிக் காமிராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தைக் கொண்டு ஏற்பட்ட பெயர் அது. குழாய் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. ரிக்கோ நிறுவனத்தார் 2019-இல் கொணர்ந்த ஜி.ஆர். 3 போன்ற சிலவற்றில் இதனினும் பெரிய தகடு உண்டு; ஆனால் அதில் ஜூம் அறவே இல்லை.

அப்படியானால் சிறிய தகட்டை எதற்காக வைக்கிறார்கள்? அங்கேதான் சூப்பர் ஜூமின் இரகசியம் இருக்கிறது. நிக்கான் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட பி-900 என்னும் காமிராவை எடுத்துக்கொள்வோம். அதன் ஜூம் 83 மடங்கு. பழைய பிலிம் காமிராவில் 2000 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் காட்சியை அது காட்டும். ஆனால் உண்மையில் அதன் லென்ஸின் குவியத் தொலைவு 357 மில்லிமீட்டர்தான். தகடு சிறியதாக இருப்பதால் சிறிய லென்ஸே அவ்வளவு தொலைவை எட்டிவிடுகிறது. பெரிய தகட்டுக்கு அதே எட்டம் வேண்டுமானால் லென்ஸைத் தோளில் சுமக்க ஆள் வைக்க வேண்டியதுதான். 2018-இல் வந்த பி-1000 இன்னும் ஒரு படி மேலே போய் 125 மடங்கு எட்டியது. அதன் எடையும் 1,400 கிராமுக்கு மேல் ஏறிவிட்டது.

மற்றொரு செய்தி லென்ஸின் வாய். ஜூமை நீட்ட நீட்ட, லென்ஸ் உள்ளே விடும் ஒளி குறைந்துகொண்டே போகும். பி-900-இல் கிட்டக் காட்சிக்கு எஃப் 2.8 என்று இருப்பது, முழு எட்டத்தில் எஃப் 6.5 ஆகிவிடுகிறது. அதாவது தகட்டில் விழும் ஒளி 5-இல் 1 பங்காகிவிடுகிறது. சோனி நிறுவனத்தார் 2012-இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 100 என்னும் காம்பாக்ட் காமிராவிலோ கிட்டக் காட்சிக்கு எஃப் 1.8. தகட்டின் பரப்பையும் லென்ஸின் வாயையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே விளக்கொளியில், அதே நொடிப்பொழுதில் அது ஏறத்தாழ 10 மடங்கு ஒளியைத் திரட்டிவிடும். ஒளி போதாதபோது காமிரா தனக்குக் கிடைத்த சிறு குறிப்பைப் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கும்போது மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழுகின்றன. அவற்றை அழிக்கப் புகுந்து புருவத்தையும் சுருக்கத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அப்பாவின் படத்துக்கு நேர்ந்தது இதுதான்.

நியாயமாகச் சொல்வதானால் பிழை கருவியினுடையது அன்று, எங்களுடையதே. அதே காமிராவை எடுத்துக்கொண்டு, ஜூமைச் சுருக்கி, அப்பாவுக்கு எதிரே நான்கடி தூரத்தில் போய் உட்கார்ந்திருந்தால் பல மடங்கு ஒளி கிடைத்திருக்கும். விழா முடிந்த மாலையில், "அப்பா, சற்றுத் திண்ணைக்கு வாருங்கள்" என்று அழைத்து எடுத்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும். அவர் வந்திருப்பார். தொலைவிலிருந்தே எட்டிவிடலாம் என்ற வசதி இருந்ததால் அருகில் செல்ல நாங்கள் நினைக்கவில்லை.

2022-இல் அங்குலத் தகடுள்ள காம்பாக்ட் காமிரா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினோம். 2023-ஆம் ஆண்டுக் கார்த்திகைத் தீபத்துக்கு ஊரில் இருந்தோம். அம்மா திண்ணையில் அகல் விளக்குகளை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தாள். இந்தக் காமிராவில் ஜூம் குறைவு. ஆகையால் அருகில் சென்று படியில் உட்கார வேண்டியிருந்தது. விளக்கொளி ஒன்றைக் கொண்டே படம் எடுத்தோம். விரலில் பட்ட எண்ணெயின் பளபளப்பும், நெற்றிக் கோடுகளும், காதோரத்து நரையும் அப்படியே விழுந்திருந்தன. படத்தைக் காட்டியபோது அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "இது யார்? என் அம்மா மாதிரி அல்லவா இருக்கிறது!" என்றாள்.

இதனால் சூப்பர் ஜூமை அலமாரியில் பூட்டிவிட்டோம் என்று யாரும் எண்ண வேண்டாம். அடுத்த குளிர்காலத்தில் பரத்பூருக்குச் சிறிய காமிராவை மட்டும் எடுத்துச் சென்றோம். சாரசக் கொக்குகள் மீண்டும் இரண்டு சாம்பல் புள்ளிகளாகிவிட்டன! மகனுக்கு எங்கள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. நல்ல வெயிலில், பறவையையோ நிலவையோ விளையாட்டுத் திடலில் ஓடும் குழந்தையையோ எடுப்பதற்குப் பெரிய ஜூமுக்கு ஈடு இல்லை. ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கோடையின் நடுப்பகலில் தரையிலிருந்து எழும் அனல் காற்று தொலைக்காட்சியை நெளியச் செய்துவிடும், எந்த லென்ஸும் அதற்கு மருந்தாகாது. காலை வேளையே நல்லது.

இரண்டு குணங்களும் ஒன்றாக உள்ள காமிரா இல்லையா என்று கேட்கலாம். உண்டு. சோனியின் ஆர்.எக்ஸ். 10 வரிசையில் 2017-இல் வந்த நான்காவது காமிரா அங்குலத் தகட்டையும் 25 மடங்கு ஜூமையும் சேர்த்துத் தருகிறது. ஆனால் அதன் எடை ஒரு கிலோவுக்கு மேல், விலையும் அதற்கேற்றபடி. கைப்பேசி போதாதா என்றும் கேட்கலாம். இன்றைய நல்ல கைப்பேசிகள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, அவற்றைக் கணக்கிட்டு ஒன்றாக்கித் தருகின்றன. அசையாமல் இருப்பவரை மங்கிய ஒளியிலும் நன்றாகவே எடுக்கின்றன. கைப்பேசி ஒன்றே உள்ளவர்கள் வருந்த வேண்டியதில்லை.

ஆகவே, வாங்க எண்ணும் அன்பர்களுக்கு எங்கள் யோசனை இதுதான். கடைக்குப் போகுமுன் உங்கள் பழைய படங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தின் விவரக் குறிப்பிலும் எந்த அளவு ஜூமில் எடுத்தது என்று எழுதியிருக்கும். எங்கள் படங்களை அவ்வாறு பார்த்தபோது, நாங்கள் போற்றி வைத்திருந்தவற்றுள் பெரும்பாலானவை வீட்டுக்குள், விளக்கொளியில், கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தவை என்று தெரிந்தது. உங்கள் வீட்டில் அது வேறாக இருக்கலாம். பறவையும் மைதானமும் மிகுதியானால் பெரிய ஜூமை வாங்குங்கள். கூடமும் பூசையறையும் மிகுதியானால் பெரிய தகட்டை வாங்குங்கள். கடையில் சோதிக்கும்போது வெளியே தெரியும் கட்டடத்தை இழுத்துப் பார்த்து மயங்காமல், கடையின் இருண்ட மூலையில் உடன் வந்தவரை நிறுத்தி முகத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது பெரியவர்களின் படத்தை முதல் நாளே எடுத்துவிடுங்கள். புறப்படும் நாளில் எடுக்கலாம் என்று ஒத்திவைத்தால், மூட்டை கட்டுவதற்கும் வண்டிக்கு ஓடுவதற்குமே நேரம் சரியாகிவிடும். கையில் இருப்பது எந்தக் காமிராவானாலும் சரி. அவர்களை வெளிச்சத்துக்கு அழைத்து வந்து, அருகில் உட்கார்ந்து எடுங்கள்.