கெட்டிமேளம் பிசகாமல்

டெல்டா ஊர்களில் திருமண வீடியோவை எடிட் செய்யும் வேலைக்கு ‘மிக்சிங்’ என்றே பெயர். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கேமராமேன்கள் எடுத்த மெமரி கார்டுகள் மிக்சிங் அறைகளுக்கு வந்துசேர்கின்றன. மூன்று மணி நேரத் திருமணப் படமாகவும் ஐந்து நிமிட ஹைலைட்ஸாகவும் வெளியே போகின்றன. இடையில் எடிட்டரை அதிகம் சோதிப்பவை இரண்டு: வெட்டி ஒட்டியதை ஒரே கோப்பாக உருவாக்கும் ரெண்டரிங், ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கன்வெர்ஷன்.

இந்த வேலைக்கும் நெல்லுக்கும் தொடர்பு உண்டு. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும்போது திருமணங்கள் குவிகின்றன. ஒரே முகூர்த்த நாளின் நாலைந்து கல்யாணங்கள் ஒரே அறைக்கு வரும். ஆடியிலும் மார்கழியிலும் அறை ஓய்ந்திருக்கும். தை, மாசியில் எடுத்தவை பங்குனி, சித்திரையில் இரவும் பகலுமாக ரெண்டராகும்போது வெயிலும் ஏறியிருக்கும். சூடேறிய பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர ரெண்டரிங் நான்கு மணி நேரம் இழுத்தால், மென்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் சிபியுவைத் திறந்து ஃபேனில் அப்பியிருக்கும் தூசியைப் பார்ப்பார்கள். பாதி நேரம் பிழை அங்கேயே அகப்படும்.

கேசட் காலத்தில் இத்தனை சிக்கல் இல்லை. 1995இல் வந்த மினி டிவி கேசட்டில் எல்லாப் பதிவும் ஒரே வார்ப்பு: 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம்கள், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி. 2006இல் ஏவிசிஎச்டி கேமராக்களும், 2008இல் கேனான் 5டி மார்க் 2ம் வந்தபிறகு நிலைமை மாறியது. இன்று ஒரே கல்யாணத்தில் இரண்டு கேமரா, ஒரு டிரோன், மாப்பிள்ளையின் நண்பர்கள் எடுத்த செல்போன் காட்சிகள் என நாலைந்து வடிவங்கள் ஒரே டைம்லைனில் விழுகின்றன. ஜப்பானின் கனோபஸ் உருவாக்கி, பின்னர் கிராஸ் வேலி வெளியிட்ட எடியஸ் இந்த அறைகளில் நெடுநாளாகப் பழகிய மென்பொருள். இப்போது பிரீமியர் புரோவும் டாவின்சி ரிசால்வும் கூடவே இருக்கின்றன. எந்த மென்பொருளானாலும் கலப்படக் காட்சிகளின் தொல்லை ஒன்றுதான்.

தொல்லையின் வேர் எச்.264, எச்.265 பதிவுமுறைகளில் இருக்கிறது. நெல் குடோன் கணக்கில் ஆரம்ப இருப்பை ஒருமுறை எழுதிவிட்டு அடுத்தடுத்து வரவையும் செலவையும் மட்டும் குறிப்பதுபோல, இவை ஒரு ஃபிரேமை முழுதாகவும் பின்னால் வருபவற்றை மாறுதல்களாகவும் பதிகின்றன. கோப்பு சிறுக்கும், ஆனால் நடுவில் ஒரு ஃபிரேமைக் காட்ட கம்ப்யூட்டர் முன்னிருந்து கணக்குப் போட்டு வரவேண்டும். ஃபிரேம் ஒவ்வொன்றையும் முழுதாகவே வைக்கும் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி, எடியஸின் எச்கியூஎக்ஸ் போன்ற இடைநிலை வடிவங்களுக்குத் தொடக்கத்திலேயே மாற்றிவிட்டால் டைம்லைன் தடங்கலின்றி ஓடும். விலை இடம்தான்: ஃபுல் எச்டியில் நொடிக்கு 25 ஃபிரேம் புரோரெஸ் 422 மணிக்கு சுமார் 55 ஜிபி தின்னும். அந்த இடத்துக்குச் செலவழிப்பது வீணல்ல. வாங்க வசதியில்லாதவர்கள் ‘பிராக்ஸி’ எனப்படும் சிறிய நகல்களில் எடிட் செய்து கடைசியில் மூலத்துக்கு மாறுகிறார்கள்.

செல்போன் காட்சிகளில் பிழை வேறு மாதிரி. பெரும்பாலான செல்போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று நிலையாக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப 30, 29, 27 என்று ஏறி இறங்கும். டைம்லைனில் வைத்ததும் தொடக்கம் சரியாக இருக்கும். போகப்போக ஒலி முந்தும் அல்லது பிந்தும். மாங்கல்யதாரணத்தின்போது இது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கும்பகோணத்து மிக்சிங் அறை ஒன்றில் கண்ட முறை இது: கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் டைம்லைனைப் பெரிதாக்கி, தவில்காரரின் குச்சி தோலில் படும் ஃபிரேமைத் தேடி நிறுத்துகிறார் எடிட்டர். கீழே ஒலி அலையில் அதே அடியின் முனை இரண்டு ஃபிரேம் தள்ளி நிற்கிறது. நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது 80 மில்லிசெகண்ட். சாதாரணப் பேச்சில் பலர் கவனிக்காத இந்த வித்தியாசம் தவிலில் கண்ணை உறுத்தும். ஒலியை நகர்த்தினால் அந்த ஒரு அடி மட்டும் சரியாகும், அடுத்த நிமிடம் மறுபடி விலகும். செல்போன் கோப்பை நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு மீண்டும் வைப்பதுதான் தீர்வு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும்.

மண்டபத்து டியூப்லைட்டுகளும் எடிட்டர் தலையில் விழுகின்றன. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரை 60இல் ஒரு பங்கில் வைத்து எடுத்த காட்சியில் வெளிச்சம் அலையடிக்கும். ரெண்டரிங்கில் இதை முழுதாகத் துடைக்க முடியாது. ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு ஷட்டரில் கேமராமேன் எடுத்திருந்தால் பிரச்சினையே எழுந்திருக்காது.

ரெண்டரிங் பாதியில் நின்றுபோவது இன்னொரு வகை. 63 சதவீதத்தில் நின்றது என்றால், மறுபடி ஓடவிட்டு எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதே இடமானால் பழுது அங்கிருக்கும் ஒரு கிளிப்பிலோ டைட்டிலிலோ எஃபெக்டிலோ இருக்கிறது. டைம்லைனை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு பாதியையும் தனியே ரெண்டர் செய்து, நின்ற பாதியை மீண்டும் பிரித்துப் போனால் சீக்கிரமே அந்தக் கிளிப் சிக்கும். ஒவ்வொரு முறையும் வேறுவேறு இடத்தில் நின்றால் சூடு, ரேம், கிராஃபிக்ஸ் டிரைவர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்க் நிரம்பியிருந்தாலும் ரெண்டரிங் நிற்கும்.

தமிழ் எழுத்தில் நம் எடிட்டர்களுக்கே உரிய தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த மணமக்கள் பெயர், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறி நிற்கும். யூனிகோடில் அடித்தால், பிரீமியரில் கொம்பும் காலும் இடம் மாறி உடையலாம். தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினை அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் சரியாகும். முழுப் படமும் ரெண்டரானபின் மணமகள் பெயர் உடைந்திருப்பது தெரிந்தால் ஒரு இரவு போகும்; டைட்டில்களை மட்டும் முதலில் சின்னதாக ரெண்டர் செய்து பார்ப்பது நல்லது.

பழைய விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டலாக மாற்றக் கொண்டுவருபவர்களும் உண்டு. அந்தப் பதிவு ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரு பாதியாக வைத்திருக்கும். பாதிகளின் வரிசை மாறினால் அசையும் உருவங்கள் நடுங்கும். நான்குக்கு மூன்று அளவுப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடுவது இன்னொரு தவறு; இறந்துபோன தாத்தாவின் முகம் அதில் அகன்று தெரிகிறது. இருபுறமும் கறுப்புப் பட்டை விடுவதே முறை.

கடைசியில் பென்டிரைவ். நொடிக்கு 20 மெகாபிட் வீதத்தில் மூன்று மணி நேரப் படம் 27 ஜிபி வரும். பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சில பழைய டிவிகள் படிக்காது. எச்.265 கோப்பும் பழைய டிவியில் ஓடாமல் போகலாம். ஆகவே எச்.264இல் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் 4 ஜிபிக்குள் அடங்கும் பகுதிகளாகத் தருவது பாதுகாப்பு.

2012இன் நீண்ட மின்வெட்டுகள் ரெண்டரிங்கைத் துண்டுதுண்டாகச் செய்யும் பழக்கத்தை வலுப்படுத்தின. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலுக்குப்பின் டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. யுபிஎஸ் சில நிமிடங்களைத்தான் தரும். முடிந்த துண்டுகள்தான் உழைப்பைக் காக்கும்.

இடப் பற்றாக்குறையால் மிக்சிங் அறைகள் மூலக் காட்சிகளை நீண்டகாலம் வைத்திருப்பதில்லை. திருமண வீடியோ பெற்ற குடும்பத்தினர் பென்டிரைவை மட்டும் நம்பாமல் அந்த வாரமே வேறு இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வைக்க வேண்டும்.