ஐம்பதாயிரம் மூக்குக்கண்ணாடிகள்

எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று 1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் அறிவித்ததைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தேதியோடு ஒப்பிப்பார்கள். அதே இயக்கத்துக்காக ஐம்பதாயிரம் மூக்குக்கண்ணாடிகள் நன்கொடையாக வந்து சேர்ந்ததை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. எனக்கு அந்த அறிவிப்பைவிடக் கண்ணாடிகள்தான் பெரிய விஷயம். மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து 1989-இல் தொடங்கிய வேலை அது. ஏறத்தாழ இருபதாயிரம் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்பது தாண்டியவர் புத்தகத்தை விரித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தால் மண்டையில் ஏறவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். பலருக்குக் கண்ணிலேயே ஏறவில்லை என்பது பிறகு தெரிந்தது. சாளேசரம். எழுத்தே தெரியாதவருக்குத் தனக்குச் சாளேசரம் வந்திருப்பது எப்படித் தெரியும்? ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட்டால் தீர்ந்தது. ஆகவே கண் பரிசோதனை முகாம்கள் நடந்தன. வீடுகளில் சும்மா கிடந்த கண்ணாடிகளைக் கேட்டு வாங்கினார்கள். எந்தக் கண்ணுக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று பார்த்துக் கொடுக்க நாற்பது பேரைப் பழக்கினார்கள். செத்துப்போன தாத்தாவின் கண்ணாடியை எறியவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கும் வீடு எந்த ஊரில்தான் இல்லை?

முதியோர் கல்வியைப் பற்றி எழுதுகிறவர்கள் பாடத்திட்டம், கற்பித்தல் முறை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வளர்ந்த ஆளைத் தடுப்பது அநேகமாக எழுத்தின் கடினம் இல்லை. மாலை ஆறு மணிக்கு அடுப்பை யார் பார்ப்பது, கைக்குழந்தையை யார் வைத்துக்கொள்வது, மருமகன் முன்னால் சிலேட்டைப் பிடிக்க வெட்கம், விளக்கு மங்கல், கண் மங்கல் என்று அது வேறொரு பட்டியல். இந்தப் பட்டியல் அரசாங்கக் கோப்பில் ஏறாது; பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே தொண்டரை மலிவு விலை ஆசிரியராகப் பார்ப்பது தப்புக் கணக்கு. அகரம் சொல்லித் தருவது அவர் வேலையில் பாதிகூட இல்லை. எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து அதை நகர்த்துவதே பெரிய பாதி.

சாகப்போகிற வயசில் எழுத்து எதற்கு, அந்தக் காசைப் பிள்ளைகளின் பள்ளிக்குச் செலவழிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது போலத்தான் ஒலிக்கிறது. 2018 ஆகஸ்டில் ஆலப்புழை மாவட்டம் சேப்பாட்டில் 96 வயது கார்த்தியாயினி அம்மா கேரள மாநில எழுத்தறிவு இயக்கத்தின் 'அட்சரலட்சம்' தேர்வை எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். வாசிப்புக்கு 30, எழுத்துக்கு 40, கணக்குக்கு 30. வாசிப்பில் முப்பதும் கிடைத்தது, போன இரண்டும் எழுத்தில். பக்கத்திலிருந்த முதியவர் அவருடைய தாளை எட்டிப் பார்க்கிற படம் பத்திரிகைகளில் வந்தது. தான் யாரையும் பார்த்து எழுதவில்லை, மற்றவர்களுக்குத்தான் காட்டிக் கொடுத்தேன் என்று அம்மா பெருமையாகவே சொன்னார். படிப்பு அவரிடம் வந்து சேர்ந்த வரிசையைப் பாருங்கள்: மகள் அறுபது வயதை ஒட்டித் தேர்வு எழுதித் தேறியதைப் பார்த்துத்தான் தாய்க்கு ஆசை வந்தது, வீட்டில் சொல்லிக் கொடுத்தவர்கள் கொள்ளுப்பேத்திகள். பிள்ளைகளுக்குச் செலவழித்தது மேலே ஏறிக் கிழவியிடம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு என்றும் பெரியவர்களின் படிப்பு என்றும் இரண்டு கணக்குப் பிரிவுகள் பட்ஜெட்டில்தான் உண்டு, வீட்டுக்குள் கிடையாது.

படிக்காதவருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்பது அடுத்த வாதம். அதற்குப் பதில் சொல்லத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தாழ்த்தப்பட்ட புலையர்களின் தலைவர் அய்யன்காளி பிறந்த வெங்ஙானூர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அந்த மனிதர், எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். கூலியைப் பற்றி முறையிட எத்தனையோ இருந்தும் பிள்ளைகளின் எழுத்துக்காகக் களத்துமேட்டைக் காலியாக வைத்தவர்கள் எழுத்தறியாதவர்கள். 1910-களில் அவர் பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கையோடு அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனார். சேர்த்துக்கொள்ள அரசு உத்தரவு இருந்தது. ஊர் மேல்சாதிக்காரர்கள் எதிர்த்துக் கலவரம் செய்தார்கள். பள்ளிக்குத் தீ வைத்தார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்னும் பத்திரமாக இருக்கிறது. 2022-இல் பள்ளிக்கே அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தார்கள். உத்தரவு காகிதத்தில் இருந்தது, பள்ளி ஊரில் இருந்தது, பிள்ளை வீட்டில் இருந்தது. மூன்றையும் சேர்க்க ஒரு ஆள் நடக்க வேண்டியிருந்தது. 1937-இல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம் அவர் சொன்ன ஆசை, தன் சமூகத்தில் பத்துப் பேர் பி.ஏ. தேறுவதைப் பார்க்க வேண்டும் என்பது. அருமை தெரியாதவர் கேட்கிற வரமா அது?

நெய்யாற்றின்கரை தாலுகாவுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்தாலும் கல்யாணங்கள் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. விளவங்கோட்டில் எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பெண் பாறசாலைக்கு மருமகளாக வந்தால், மக்கள் தொகைக் கணக்கில் அவர் எழுத்தறிந்தவர்தான். ஏழு வயது நிரம்பியவருக்கு ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ரேஷன் கடைப் பலகையின் முன் அதே பெண் கைநாட்டு. பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் சீட்டைப் பிள்ளையே வாசித்துக் காட்ட வேண்டும். தன்னைப் பற்றிய புகாரைப் பிள்ளை எவ்வளவு யோக்கியமாக வாசிக்கும் என்பது வேறு விஷயம். இவரைப் போன்றவர்களை எந்த விழுக்காடும் காட்டாது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க எழுத்தறிவு இயக்கம் 2017-இல் 'சங்ஙாதி' திட்டத்தைத் தொடங்கியது. அதன் பாடநூலுக்கு 'ஹமாரி மலையாளம்' என்று பெயர். நல்ல காரியம். விளவங்கோட்டு மருமகளுக்கோ இந்தி வழி வேண்டாம், முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். பேச்சு பாதி தெரியும். வ, ழ, ண, ற எல்லாம் இரண்டு எழுத்திலும் ஒரே சாயல். தமிழில் இல்லாத எழுத்துகளும் கூட்டெழுத்துகளும்தான் முரண்டு பிடிக்கும். இரண்டும் தெரிந்த அண்டைவீட்டு அக்கா சில மாத மாலைகளைக் கொடுத்தால் முடிகிற வேலை. இரண்டும் தெரிந்தவர்களுக்கு எல்லைக் கிராமங்களில் பஞ்சமே இல்லை. யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இப்போது கைப்பேசியே வாசித்துக் காட்டுகிறதே, இனி எழுத்து எதற்கு என்பார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்துக்கொண்டது. இருபத்தொரு லட்சம் பேருக்கு மேல் பழக்கினார்கள். அதற்கு முன்னோடி, இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை பஞ்சாயத்து. அங்கும் ஆட்கள்தான் வீடு வீடாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். கைப்பேசி தன்னைத்தானே கற்பித்துக்கொள்ளவில்லை. வங்கியிலிருந்து வரும் செய்தியையும் வங்கி பெயரில் திருடன் அனுப்பும் செய்தியையும் கருவி ஒரே குரலில்தான் வாசிக்கும். எழுத்து தெரிந்தவர் ஒருமுறை நிதானமாகத் திரும்பிப் பார்க்கலாம்.

கனமான ஆட்சேபம் ஒன்று பாக்கி: சேவை என்ற பெயரில் சும்மா உழைப்பை வாங்குவது, அதுவும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பை. இதை என்னால் தள்ள முடியாது. எழுத்தறிவு மையங்களை நடத்துகிற பிரேரக்குகள் அற்ப மதிப்பூதியத்தின் பாக்கியைக் கேட்டுத் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார வேண்டியிருந்தது. கார்த்தியாயினி அம்மா உட்பட 42,933 பேரைத் தேற வைத்த அந்த அட்சரலட்சம் தேர்வுக்குப் பின்னால் நின்றவர்கள் இவர்களைப் போன்றவர்கள். ஆனால் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பக் கூடாது. மையத்தைத் திறப்பது, பதிவேடு எழுதுவது, தேர்வு நடத்துவது நிரந்தர வேலை. அதற்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரவேண்டும். ஒருத்திக்கு ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது அக்கம்பக்கத்து உறவு. அதற்குச் சம்பளம் நிர்ணயித்தால் வருகைப் பதிவேடும் மேற்பார்வையாளரும் வந்துவிடுவார்கள், அக்கா போய்விடுவாள். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கப் புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை. பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலா சங்கத்தின் வாரிசுகளாக ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறது. சாயங்காலம் ஆண்கள் பத்திரிகை படித்து அரசியல் பேசும் மேசையை வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு விடச் சொல்லிப் பாருங்கள். முழு எழுத்தறிவு மாநிலத்தின் உண்மையான எதிர்ப்பு அப்போது தெரியும்.