நம்ம டீமு, வேற ஊரு கிரவுண்டு

ஹாக்கி இந்தியா லீக் முடிஞ்சு போச்சுங்க. 2025 பிப்ரவரி 1-ல் ரூர்கேலாவில் நடந்த பைனலில் பெங்கால் டைகர்ஸ் 4-3 என்று ஐதராபாத்தை ஜெயித்தது. ஜுக்ராஜ் சிங் மட்டும் மூணு கோல். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் அரையிறுதியில் அதே டைகர்ஸிடம் ஷூட் அவுட்டில் தோற்றது. அந்த மேட்சைக் கொருக்குப்பேட்டையில் தங்கச்சி வீட்டு டீவியில் பார்த்தேன்.

தோத்ததில் வருத்தமில்லை. கடைசி வரை விடாமல் ஆடினாங்க. அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் பந்தோட ஓடினா எனக்கு உட்காரவே முடியாது.

என் குறை வேற. "மாமா, நம்ம டீம் எந்த கிரவுண்டுல ஆடும்?"னு தங்கச்சி மகன் கேட்டான். அந்த 2025 சீசனில் சென்னையில் ஒரு மேட்ச் கூட இல்லையே, என்ன சொல்ல? எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் அவங்க வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி பைனலில், 1-3 என்று பின்தங்கிய இந்தியா மலேசியாவை 4-3 என்று ஜெயித்தது அங்கேதான்.

டீவியில் பார்க்கிற பையன் கை தட்டுவான். கிரவுண்டில் பார்க்கிறவன்தான் மட்டை கேட்பான். நாத்தங்கால் வேற ஊரில் இருந்தா, நம்ம வயலில் எதை நடுறது?

நாலு மேட்சாவது எழும்பூரில் வைங்க. கொருக்குப்பேட்டைப் பிள்ளைங்களை நானே கூட்டிட்டு வர்றேன்.