எந்தக் கார் ஜெயிக்கும்?



‘அஸ்பால்ட்’ கேமில் எந்தக் கார் எடுப்பே என்று எங்கள் தெருப் பசங்களைக் கேட்டால், டாப் ஸ்பீடு அதிகமுள்ள காரைத்தான் காட்டுவார்கள். நான் முதலில் டிராக்கைத்தான் பார்ப்பேன். நீளமான நேர் ரோடு என்றால் டாப் ஸ்பீடு சரி. வளைவு வளைவாக இருந்தால் ஹேண்ட்லிங்கும் ஆக்ஸிலரேஷனும் வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறையும், அதைத் திரும்பப் பிடிக்கணுமே! நம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பாருங்கள். கண்டெய்னர் லாரிக்கு எவ்வளவு பெரிய இன்ஜின்! ஆனால் நின்று கிளம்பும்போது ஷேர் ஆட்டோ முந்திவிடும்.

“பொண்ணுக்கு எதுக்குடி கார் கேமு?” என்று மாமா பையன் சிரித்தான். அம்மா போனில் நான், அவன் போனில் அவன். வளைவு டிராக்கில் இரண்டு தடவையும் நான்தான் முதல். உடனே காசு கட்டிக் காரை ஏத்திக்கிட்டான். அப்புறம் எந்தக் கார் எடுத்தாலும் என்னால் பிடிக்க முடியவில்லை. இது என்ன நியாயம்?

2024இல் நம் சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 ரேஸ் நடந்தது. 3.5 கிலோமீட்டர் ரோடு, ராத்திரி வெளிச்சத்தில். அதில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். ஓட்டுகிறவர் கைதான் வித்தியாசம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

மாமா பையனிடம் சொல்லிவிட்டேன்: “இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே கார், ஒரே லெவல். வர்றியா?”

இன்னும் பதில் வரவில்லை.

– 9ஆம் வகுப்பு மாணவி