ஆட்டம் நின்ற மூன்று நாட்கள்

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றிக் கிளிவெட்டியில் இருந்துகொண்டு எழுத உங்களுக்கு என்ன வந்தது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் வயலையும் குளத்தையும் நம்பி வாழும் ஊர். பந்தாடிக் கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் வீரர்களுக்கும், போகத்துக்குப் போகம் மழையையும் கடனையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கும் என்ன உறவு? ஆயினும் 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவ்வீரர்கள் செய்த ஒரு காரியம் தொழிலாளர் அனைவரையும் பற்றியது. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் அதை நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் பருவ ஆட்டங்கள் முடிந்ததும், பதினாறு அணிகள் வெற்றிக்கிண்ணத்துக்காக மோதுகின்றன. ‘பிளேஓஃப்’ என வழங்கும் இத்தொடரில், ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் அணி அடுத்த சுற்றுக்குச் செல்லும். தொலைக்காட்சியும் விளம்பரமும் பணத்தை அள்ளிக் கொட்டும் காலம் அது. 2020 மார்ச் 11இல் வீரர் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியானதும் பருவம் இடைநின்றது. யூலை இறுதியில், புளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் உல்லாச வளாகத்துள் அணிகளைத் தங்கவைத்து, அரங்கில் பார்வையாளர் இல்லாமலே ஆட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள். ஓகஸ்ட் 17இல் பிளேஓஃப் ஆரம்பமாயிற்று.

அந்த ஆண்டு மே 25இல் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ்காரர் ஒருவரின் முழங்காலின் கீழ் மூச்சடங்கி மாண்டிருந்தார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியின் முழக்கம் ஆடுகளத் தரையிலும் எழுதப்பட்டது. வீரர்கள் தம் சட்டையின் முதுகிலும் வாசகம் பொறித்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அது நிர்வாகமும் வீரர் சங்கமும் ஒப்புக்கொண்ட 29 வாசகங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்! அனுமதி பெற்ற எதிர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

ஓகஸ்ட் 23இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸ்காரர் ஒருவர் ஏழு முறை சுட்டார். அவருடைய பிள்ளைகள் மூவர் வாகனத்துள் இருந்து அதைப் பார்த்தனர். மூன்று நாள் கழித்து, 26ஆந் திகதி, அதே மாநிலத்தைச் சேர்ந்த மில்வாக்கி பக்ஸ் அணி ஒர்லாண்டோ மஜிக் அணியுடன் ஐந்தாவது ஆட்டத்தை ஆட இருந்தது. இங்கே அது 27ஆந் திகதி அதிகாலை ஒன்றரை மணி. குறித்த நேரம் வந்தது. மில்வாக்கி வீரர்கள் வரவில்லை. உடைமாற்றும் அறையிலிருந்தபடியே மாநிலச் சட்டமா அதிபருடன் தொலைபேசியில் பேசினார்கள். பின்னர் வெளியே வந்து, மாநிலச் சட்டசபை உடனே கூடிப் பொலிசாரின் அத்துமீறலுக்குப் பரிகாரம் காண வேண்டும் என்ற அறிக்கையை வாசித்தார்கள். வாசித்த இருவரில் ஒருவரான ஸ்டேர்லிங் பிரவுண், 2018இல் வாகனம் நிறுத்திய ஒரு சிறு குற்றத்துக்காக மில்வாக்கிப் பொலிசாரால் தரையில் வீழ்த்தப்பட்டு மின்னதிர்ச்சிக்கு ஆளானவர்.

இங்கே எதிரணியையும் நினைக்க வேண்டும். அவர்கள் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தவர்கள். எதிரி வராத ஆட்டத்தின் வெற்றி எமதே என்று அவர்கள் உரிமை கோரியிருக்கலாம். கோரவில்லை. களத்தை விட்டு அவர்களும் வெளியேறினார்கள். அன்றைய மற்ற இரு ஆட்டங்களும் நின்றன. பெண்கள் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் மூன்று ஆட்டங்களும் நின்றன. வோஷிங்டன் அணிப் பெண்கள் முதுகில் ஏழு துப்பாக்கித் துளைகள் வரைந்த வெள்ளைச் சட்டையுடன் வந்து நின்றார்கள். மூன்று நாட்கள் பந்து தரையைத் தொடவில்லை.

இந்தச் செயலுக்கு என்ன பெயர்? பத்திரிகைகள் பலவும் ‘புறக்கணிப்பு’ என்று எழுதின. நிர்வாகம் ‘ஒத்திவைப்பு’ என்றது. இரண்டும் பொருந்தாச் சொற்கள். ஒரு பொருளை வாங்குபவன் வாங்க மறுத்தால் அது புறக்கணிப்பு. உழைப்பவன் தன் உழைப்பைத் தர மறுத்தால் அது வேலைநிறுத்தம். அதிலும், வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற நிபந்தனை இவ்வீரர்களின் கூட்டு ஒப்பந்தத்திலேயே உண்டு. அதை மீறியே அவர்கள் நின்றார்கள். கோடி பெறுபவன் தொழிலாளியா என்று ஏளனம் செய்வோர் உளர். ஊதியத்தின் அளவு வேறு; உறவின் தன்மை வேறு. அணி ஒருவனுக்குச் சொந்தம். ஆடும் உடம்பு மற்றொருவனுடையது. உடம்பு அசையாவிட்டால் அரங்கும் விளம்பரமும் தொலைக்காட்சியும் வெறும் சுவர்களே என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டின.

இது திடீரென முளைத்ததுமன்று. 1961 ஒக்டோபரில், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில், தங்கியிருந்த விடுதியின் உணவகத்தில் கறுப்பின வீரர்களுக்கு உணவு மறுக்கப்பட்டபோது, பில் ரசலும் அவருடைய பொஸ்டன் அணியின் கறுப்பினத் தோழர்களும் ஆடாமலே ஊர் திரும்பினார்கள். 1964 சனவரியில், பொஸ்டனில், தொலைக்காட்சி காத்திருக்க, நட்சத்திர வீரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளிவர மறுத்து, ஓய்வூதியத்துக்கான உறுதியைப் பெற்ற பின்னரே களமிறங்கினார்கள். 2020 அவர்களுடைய வழித்தோன்றலே.

ஆயின் இதன் எல்லையையும் மறைக்கலாகாது. ஓகஸ்ட் 29இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. அணிகளுக்குச் சொந்தமான அரங்குகளை வாக்களிப்பு நிலையங்களாக்குவது, சமூக நீதிக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவுவது என்பன இணக்கத்தின் பயன்கள். இவை சிறியன அல்ல. எனினும் 2021 சனவரியில், சுட்ட பொலிஸ்காரர்மீது வழக்கில்லை என்று அரச வழக்குத்தொடுநர் அறிவித்தார். இதற்கிடையே, 2020 செப்டெம்பர் 29இல், வீரர்கள் தங்கியிருந்த வளாகத்தின் சொந்தக்காரரான டிஸ்னி நிறுவனம், தன் கேளிக்கைப் பூங்காத் துறையில் 28,000 பேரை நீக்குவதாக அறிவித்தது. அவர்களுக்காக எந்த ஆட்டமும் நிற்கவில்லை. ஒக்டோபர் 11இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி மயாமி அணியை நான்குக்கு இரண்டு என வென்று கிண்ணத்தை ஏந்தியது. உழைப்பை நிறுத்தும் வலிமை பெரிது. ஆனால் எதைப் பெறும்வரை நிறுத்துவது, யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டு நிறுத்துவது என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்காத வலிமை மூன்று நாளில் தளர்ந்துவிடுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வேலையை நிறுத்துவது நமக்குப் புதிய பாடமன்று. அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது 1953 ஓகஸ்ட் 12இல் நடந்த ஹர்த்தால், பிரதமர் டட்லி சேனநாயக்கவைப் பதவி துறக்க வைத்தது. 1999 சனவரியில் அடிலெய்ட் மைதானத்தில் முரளிதரனின் பந்துவீச்சை நடுவர் குற்றமென்றபோது, யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டின் சிங்களத் தலைவர் அர்ஜுன ரணதுங்க, தமிழ்த் தோழர் ஒருவருக்காகத் தன் அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார். 2021 யூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். இன, மொழி வேற்றுமை அதைக் குலைக்கவில்லை.

எங்கள் ஊருக்கு அயலிலே குமாரபுரம் இருக்கிறது. 1996 பெப்ரவரி 11இல் அங்கே பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2016 யூலை 27இல், குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் அறுவரையும் அனுராதபுர மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்டு அழுதவர்கள் எங்களிடையே இன்னும் நடமாடுகிறார்கள். கெனோஷாவின் செய்தி எங்களுக்குத் தூரத்துச் செய்தியாக இல்லாமற் போனதற்குக் காரணம் இதுவே. அரிசிக்காக நின்ற நாடு, சம்பளத்துக்காக ஒன்றாக நின்ற ஆசிரியர் உலகம், குமாரபுரத்துக்காக ஒரு நாள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தீர்ப்பு மாறாமலே இருந்திருக்கலாம். ஆனால் அழுதவர்கள் தனியாக அழுதிருக்க மாட்டார்கள்.

தன் வயிற்றுக்காகக் கையை மடக்குவது தொழிலாளியின் முதற்பாடம். தன்மேல் படாத குண்டுக்காகக் கையை மடக்குவது அதனினும் உயர்ந்த பாடம். புளோரிடாவின் பூட்டிய வளாகத்துள் அந்த இளைஞர்கள் அதன் முதல் வரியை எழுதினார்கள். மிகுதியை எழுதும் பொறுப்பு வகுப்பறைகளிலும் வயல்களிலும் துறைமுகங்களிலும் தேயிலை மலைகளிலும் இருக்கிறது. திருகோணமலையின் துயரத்துக்காக அம்பாந்தோட்டையும், அம்பாந்தோட்டையின் பசிக்காகத் திருகோணமலையும் ஒரு நாளேனும் வேலையை நிறுத்தும் காலம் வர வேண்டும். அதற்கான முதற்கூட்டத்தை எந்தப் பாடசாலையிலும் இன்றே கூட்டலாம்.