நிமிர்ந்த விரல்கள்

வலியற்ற வாழ்வை வரம் என்று நினைப்பவர்கள், தொழுநோயால் நரம்பு கெட்டுப்போன ஒருவரிடம் சிறிது நேரம் பேசிப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஆலங்குளத்துப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவருக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் முதலில் மரத்தன, பிறகு மடங்கின. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு வீங்கி, குறுகிய பாதையில் நெரிபடுவதால் நேர்வது இது. இரவெல்லாம் வலி. ஸ்டீராய்டு மாத்திரைகள் கொடுத்தார்கள். நரம்பைச் சுற்றியிருந்த இறுக்கத்தை அறுவை சிகிச்சை செய்து தளர்த்தினார்கள். வலி அடங்கியது. உணர்ச்சி திரும்பவில்லை. மாத்திரையோடு இந்த அறுவையையும் சேர்ப்பதால் நரம்பு கூடுதலாக மீள்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. பின்னர் தசைநாண் மாற்று அறுவையில் விரல்கள் நிமிர்ந்தன.

"டம்ளர நல்லாப் புடிச்சுக்கிறேன் தம்பி. டீ சூடா இருக்கான்னுதான் கைக்குத் தெரியமாட்டேங்குது" என்றார்.

விரல் மடங்கியிருந்த காலத்தில் ஆபீசில் எல்லோரும் அவரிடம் எச்சரிக்கையாக இருந்தார்கள். அதில் அருவருப்பும் இருந்தது, அக்கறையும் இருந்தது. நிமிர்ந்த பிறகு இரண்டும் போய்விட்டன. மெழுகில் முக்குவதற்காகச் சூடேற்றிய சட்டத்தை ஒருநாள் யாரோ இயல்பாக அவர் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்திருந்ததை அவர் மாலையில் கைகழுவும்போதுதான் கண்டார்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். குணமாகி ஊருக்குப் போனவர்களில் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்களாம். கை நேரானதால் பிச்சை விழவில்லை. நோயின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க 'நவஜீவ நிலையம்' என்ற குடியிருப்பை அவர் அமைத்தார். உறக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாத அந்த விரல்களைக் காக்க, வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

உலகம் கையை அதன் வடிவத்தைக் கொண்டே படிக்கிறது. உள்ளே அறுந்துபோன சேதியை அறுவை சிகிச்சை மூடிவிடுகிறது.

கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோய் குறைந்துவிட்டதாக 2005இன் இறுதியில் இந்தியா கணக்குக் காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் கிருமி செத்தவர் நோயாளிப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறார். செத்த நரம்பு அவரோடு வீட்டுக்குப் போகிறது.

அண்ணாச்சி அதன்பின் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவில்லை. தினமும் விளக்கு வெளிச்சத்தில் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்க்கிறார். தோல் சொல்ல வேண்டியதைக் கண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.