ஆறு தாய்மார்

“அம்மா!” என்று குழந்தை கூப்பிட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நான், “இதோ வந்துவிட்டேன், கண்ணு!” என்று உள்ளே ஓடினேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் கூப்பிட்டது என்னை அல்ல. தன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த எதிர் வீட்டு அக்காவை!

இரண்டரை வயதுப் பெண் அவள். அவள் பிறந்தபோது, சட்டம் தரும் 26 வாரச் சம்பள விடுமுறை எனக்குக் கிடைத்தது. அது முடிந்ததும் மறுபடியும் காரியாலயம். பத்திரிகைத் தொழிலில் மாலை ஆறு மணி என்பது கடிகாரத்தில் மட்டுந்தான் உண்டு. நான் வீடு திரும்பும்வரை குழந்தைக்கு அக்காவின் இடுப்புதான் ஊஞ்சல்.

“வாடி தங்கம்” என்று கையை நீட்டினேன். அவள் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? “ரொம்பத்தான் பழக்கி வைத்துவிட்டீர்கள், அக்கா. பெற்றவள் ஒருத்தி இருப்பதே இவளுக்கு மறந்துவிடும் போலிருக்கிறது” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அது சிரிப்பல்ல என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. குழந்தையின் வாயைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் எதிர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அக்கா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், வலிக்கும் முழங்காலோடு குழந்தையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயம் பார்த்து ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “வைகாசி விசாகம் வருகிறது. ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்” என்றார். முருகன் பிறந்த நாளைப் பற்றி எழுத விஷயத்துக்கா பஞ்சம்? காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் பாடியிருக்கும் கதைதான் இருக்கிறதே! சூரபத்மனின் கொடுமை தாங்காமல் தேவர்கள் முறையிட்டார்கள். சிவபெருமானின் நெற்றிக் கண்களிலிருந்து ஆறு பொறிகள் கிளம்பின. வாயுவும் அக்கினியும் சுமந்து பார்த்துத் தாங்கமாட்டாமல் கங்கையில் விட்டார்கள். கங்கை நாணல் அடர்ந்த சரவணப் பொய்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே ஆறு தாமரை மலர்களில் ஆறு குழந்தைகள். இதையெல்லாம் மளமளவென்று எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தைக்குப் படித்தும் காட்டினேன்.

அத்தைக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். அந்தச் சீமையிலிருந்து விசாகத்துக்குக் கூட்டங்கூட்டமாகக் கால்நடையாகவே செந்தூருக்குப் போவார்கள். இந்த முறை முழங்கால் வலியால் அவரால் போக முடியவில்லை. பானகத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டே கேட்டவர், “எல்லாம் சரிதான். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது யாரு?” என்றார்.

“கார்த்திகைப் பெண்கள்.”

“அவங்க பேரென்ன?”

நான் விழித்தேன். கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் அந்த ஆறு பேரின் பெயரைத் தனித்தனியாகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கார்த்திகைப் பெண்கள் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

“பேர் தெரியாட்டா போகட்டும்” என்றார் அத்தை. “பார்வதி வந்து ஆறு பிள்ளைகளையும் சேர்த்து அணைச்சா, ஆறும் ஒண்ணாச்சு. அதை எழுதியிருக்கே. அப்போ அவ, ‘என் பிள்ளைக்கு நீங்க யாரு பால் கொடுக்க?’ன்னு அந்தப் பெண்களைக் கேட்டாளா?”

வெல்லம் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் என் முகம் சிவந்தது.

கேட்கவில்லைதான். அவர்கள் வளர்த்த பிள்ளை என்பதற்காகவே கார்த்திகேயன் என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது. பெற்றவர்களின் பெயரோடு வளர்த்தவர்களின் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறான் அந்தப் பிள்ளை. அதனால் பார்வதிக்கு என்ன குறைந்துவிட்டது?

அத்தை இன்னொன்றும் சொன்னார். பராசர முனிவரின் பிள்ளைகள் ஆறு பேர் சாபத்தினால் மீன்களாகி அந்தப் பொய்கையில் கிடந்தார்களாம். பார்வதி முருகனுக்கு ஊட்டியபோது வழிந்த பால் தண்ணீரில் கலந்தது. அதைக் குடித்து மீன்கள் மறுபடியும் முனிகுமாரர்கள் ஆனார்கள். திருச்செந்தூரில் விசாகத்தன்று இந்தச் சாப விமோசனத்தை இன்றும் விழாவாக நடத்துகிறார்கள். பார்வதியின் பிள்ளைக்குப் பிறர் பால் கொடுத்தார்கள். பிறர் பிள்ளைகளைப் பார்வதியின் பால் காப்பாற்றியது. யார் பால் யாருக்கு என்று அங்கே எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

கணக்குப் பார்த்தவள் நான் ஒருத்திதான்!

அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் குழந்தையை வளர்த்தவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணினேன். மாதம் பத்து நாள் வந்து தங்கும் என் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பாட்டிவிடும் நாத்தனார். மதியம்வரை பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் காப்பகத்து ஆயா. பாத்திரம் துலக்க வந்து, பாட்டுப் பாடித் தூங்கவும் வைத்துவிட்டுப் போகும் வேலைக்கார அம்மாள். எதிர் வீட்டு அக்கா. மொத்தம் ஐந்து.

காலையில் அத்தையிடம் சொன்னேன். “என்னை விட்டுட்டியே!” என்று சிரித்தார் அவர். ஆம், ஆறு!

அன்று விசாகம். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சம்பழமும் சேர்த்துப் பானகம் கரைத்தேன். முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். வழியில் ஒத்திகை பார்த்த அழகான வாக்கியங்கள் எல்லாம் வாசற்படியிலேயே மறந்துபோயின.

“அக்கா, அன்றைக்கு நான் பேசியது தப்பு” என்றேன்.

அவர் டம்ளரை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். “சுக்கு கொஞ்சம் தூக்கல்” என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

“என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டால் என்னம்மா? அது வயிறாரச் சாப்பிட்டால் எனக்குப் போதும். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? இரண்டு நாளாய் எனக்குச் சோறு இறங்கவில்லை” என்றார்.

நான் அழுதுவிட்டேன். இதற்குள் என் பின்னாலேயே வந்துவிட்ட குழந்தை, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அம்மா!” என்றாள். யாரைச் சொன்னாள் என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் எல்லோருமாக வடபழனிக் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். குழந்தை அக்காவின் தோளில் இருந்தாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பும்போது கிழக்கே நிலவு பெரிதாக எழுந்திருந்தது. நான் வானத்தில் கார்த்திகைப் பெண்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த நட்சத்திரக் கூட்டம் ரிஷப ராசியில் இருக்கிறது. வைகாசியில் சூரியனும் அந்த ராசியில்தான். ஆகையால் பிள்ளையின் பிறந்த நாளில் அவனை வளர்த்தவர்கள் மாலை வானத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எத்தனையோ வீடுகளின் விசேஷங்களில் நடப்பதுதானே இது!

ஆனால் ஆறு மாதம் கழித்துக் கார்த்திகை மாதத்தில், இருட்டியதும் அவர்கள் கிழக்கே ஒன்றாக ஏறி வருவார்கள். அவர்கள் பெயரால் வீட்டுக்கு வீடு விளக்கு எரியும்.

சென்ற கார்த்திகைக்கு நான் ஏற்றிய முதல் அகலை எதிர் வீட்டு வாசலில் வைத்தேன். எண்ணெய் போதாது என்று அக்கா இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.